காத்திருக்கும் உடலும் பாடும் குழுவும்

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்ட நண்பரிடம் நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் தகவல்தான். கைராசிக்காரர் அந்த டாக்டர். இந்த ஆபரேஷனெல்லாம் இப்போது தினமும் நடப்பது. நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாம். அத்தனையும் உண்மையாகவே இருந்தாலும் முந்தின இரவு அவருக்குக் கண் அயர்வதில்லை. தகவலை எடைபோடுவது மூளையின் மேற்புறணி. அச்சத்தை நடத்துவதோ அதற்கு அடியில், பேச்சுக்கு அவ்வளவாகச் செவிசாய்க்காத பழைய அமைப்புகள். அங்கே அமிக்டலா ஆபத்து என்று அறிவித்துவிட்டால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி விரல் நுனி சில்லிடுகிறது. ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடல் ஆயத்தமாகிவிட்டது. ஆனால் அதற்கு இடப்பட்டிருக்கும் வேலை, இரவு முதல் வெறும் வயிற்றோடு, முதுகில் நாடா கட்டிய அங்கியோடு, கையில் ஊசி ஏற்றிய நிலையில், கூப்பிடும்வரை அசையாமல் படுத்திருப்பது. இதை மனக்கஷ்டம் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. இயல்பாகவே பதற்றம் மிகுந்தவர்களை மயக்கத்துக்குக் கொண்டுபோகவும் அதிலேயே வைத்திருக்கவும் கூடுதல் மருந்து தேவைப்படுகிறது என்று மாரனெட்ஸும் கெயினும் 1999இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பயம் மருந்தின் அளவையே மாற்றுகிறது என்றால் ஆறுதலும் மருத்துவ விஷயம்தான்.

அப்படிக் காத்திருக்கும் உடலுக்கு, தேவாலயங்களில் வளர்ந்த சேர்ந்திசை ஏன் இவ்வளவு பொருத்தமான துணையாகிறது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. பாலஸ்திரீனாவையோ பாஹையோ கேட்டுத் தேறியவர்கள் அதன் காரணத்தைப் பக்தியில் தேடுவார்கள். இசை விமர்சகர்கள் அழகில் தேடுவார்கள். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு முன்பாகவே வேலை செய்யும் ஒரு காரணம் உண்டு: இந்த இசை மனித மூச்சின் நீளத்தில் வெட்டப்பட்டது. கேட்பவரின் மூச்சும் ரத்த ஓட்டமும் அந்த நீளத்தைப் பற்றிக்கொள்ளக் கூடியவை. ஆறுதல் தொடங்குவது அங்கேதான்.

அறுவை அறைக்குள் இசை நுழைந்து நூறாண்டுக்கு மேலாகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எவன் ஓநீல் கேன் என்ற அறுவை மருத்துவர், தம் அறுவை அறையில் ஃபோனோகிராஃப் வைத்திருப்பதைப் பற்றி 1914இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழுக்கு எழுதினார். விழித்திருக்கும் நோயாளி என்ன உணர்கிறார் என்பதில் அவருக்கு அக்கறை அதிகம். 1921இல் உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து தம் குடல்வாலைத் தாமே அறுத்து எடுத்தவர் அவர். ஆனால் அக்கறை வேறு, சான்று வேறு. சான்று சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 2013இல் பிராட், டிலியோ, ஷிம் மூவரும் காக்ரேன் அமைப்புக்காக 26 சோதனைகளை, மொத்தம் 2051 நோயாளிகளை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். அறுவைக்கு முன் இசை கேட்டவர்களின் பதற்றம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடச் சராசரியாக 5.72 புள்ளி குறைந்திருந்தது.

அந்தப் புள்ளி எதில் எடுத்தது என்று சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஸ்பீல்பெர்கர் உருவாக்கிய பதற்ற அளவுகோல் அது. தாளில் 20 வாக்கியங்கள். இந்த நிமிடம் அமைதியாக இருக்கிறேனா, இறுக்கமாக இருக்கிறேனா, ஏதேனும் கெட்டது நடந்துவிடும் என்று கவலைப்படுகிறேனா என்கிற ரீதியில் ஒவ்வொன்றும் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து நான்குவரை மதிப்பெண். எனவே மொத்தம் 20க்குக் கீழே போகாது, 80க்கு மேலே ஏறாது. இந்த 60 புள்ளி வீச்சில் ஆறு புள்ளி என்பது ஐந்தாறு வாக்கியங்களுக்கு எதிரே ஒருவர் போடும் குறி ஒரு கட்டம் தள்ளிப்போவது. பெரிய மாற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதே இடத்தில் மருத்துவமனைகள் வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை என்ன செய்கிறது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நியாயமாக இருக்கும். ஸ்வீடனில் பிரிங்மனும் உடனாய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட சோதனையில் 372 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு இசை, மறுபாதிக்கு மிடசோலம். இசை கேட்டவர்களின் சராசரி 34இலிருந்து 30க்கு இறங்கியது. மிடசோலம் விழுங்கியவர்களின் சராசரி 36இலிருந்து 34க்கு. மாத்திரையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இசை வேலை செய்திருக்கிறது, அதுவும் தூக்கக் கலக்கமோ மூச்சு மந்தமாகிவிடும் அபாயமோ இல்லாமல்.

இந்தச் சோதனைகளில் ஒலித்தவற்றில் பெரும்பங்கு மெதுவான கருவியிசை. தேவாலயப் பாடகர் குழுவைத் தனியே எடுத்துச் சோதித்தவை சொற்பம். ஆகவே சேர்ந்திசைக்கான வாதத்தை மருத்துவமனைக்கு வெளியே, உடலியல் ஆய்வகத்திலிருந்து கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. அங்கே கிடைக்கும் பொருள் உறுதியானது. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்தி, 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார். ஆரோக்கியமான 23 பேர் லத்தீனில் ஜெபமாலையின் மரியன்னை வேண்டுதலைச் சொன்னார்கள்; வேறொரு வேளையில் பௌத்தர்களின் மணிபத்ம மந்திரத்தைச் சொன்னார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு முறை மூச்சு விடுகிறோம். பயத்தில் அது இருபதைத் தாண்டும். ஆறு என்ற எண்ணில் என்ன விசேஷம் என்றால், நம் ரத்த அழுத்தத்தில் இயல்பாகவே சுமார் பத்து விநாடிக்கு ஒருமுறை ஓர் அலை எழுந்து அடங்குகிறது. மேயர் அலை என்று அதற்குப் பெயர். மூச்சும் பத்து விநாடிக்கு ஒன்று என்று வரும்போது இரண்டு அலைகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தைக் காவல் காக்கும் நரம்பு முனைகள் அப்போது கூர்மையாகின்றன. அழுத்தம் சற்று ஏறினாலும் இதயத்தை உடனே நிதானப்படுத்துகின்றன. வெளிமூச்சு நீளும்போதெல்லாம் வேகஸ் நரம்பு இதயத்தைத் தணிக்கிறது. பயந்த உடலில் அறுந்துகிடக்கும் இணைப்பு இதுதான்.

ஜெபமாலையைக் கூட்டமாகச் சொல்லும் முறையைக் கவனித்தால் இதன் அமைப்பு இன்னும் தெளிவாகும். முதல் பாதியைக் குருவானவர் சொல்கிறார், மறுபாதியை மக்கள் சொல்கிறார்கள். ஒருவர் சொல்லும்போது மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஒரு சுற்றுக்குச் சுமார் பத்து விநாடி. மேயர் அலையை அறிந்து யாரும் இதைத் திட்டமிடவில்லை. நூற்றாண்டுகளாக வாயில் புழங்கிய வடிவம், உடலுக்குச் சுகமான நீளத்தில் வந்து நின்றிருக்கிறது என்பதுதான் நம்பத்தக்க விளக்கம். சங்கீதப் பாடல்களை இரு அணிகளாகப் பிரிந்து மாறி மாறிப் பாடும் துறவு மடங்களின் வழக்கத்திலும் இதே ஏற்பாடு உண்டு. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் விக்ஹோஃப் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறு பக்கத்திலிருந்து உறுதிசெய்தது. பதினெட்டு வயது இளைஞர்களைச் சேர்ந்து பாட வைத்து இதயத் துடிப்பைப் பதிவுசெய்தார்கள். ஒரே சுரத்தை அவரவர் விருப்பப்படி மூச்செடுத்து முணுமுணுத்தபோது துடிப்புகள் அவரவர் வழியில் போயின. ஒரு தேவாலயப் பாடலைப் பாடியபோது நெருங்கின. வரிக்கு வரி மட்டும் மூச்செடுக்கும் மெதுவான மந்திரத்தைப் பாடியபோது எல்லோருடைய இதயமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது.

ஆனால் ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர் பாடுவதில்லை, கேட்கிறார். பாடுகிறவருக்குக் கிடைப்பது கேட்கிறவருக்கும் கிடைக்குமா என்பதுதான் முழு வாதத்தின் முதுகெலும்பு. இதற்கும் பெர்னார்தியிடமே விடை இருக்கிறது. 2009இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் வந்த ஆய்வில் 24 பேர் அசையாமல் படுத்து இசை கேட்டார்கள். பன்னிருவர் பாடகர் குழுக்களில் பாடுபவர்கள், பன்னிருவர் இசை கற்காதவர்கள். பாபிலோனில் சிறைப்பட்ட எபிரேயர்கள் பாடுவதாக வெர்தி ‘நபுக்கோ’ ஓபராவுக்கு எழுதிய கூட்டுப்பாடலில் வரிகள் சுமார் பத்து விநாடி நீளம் கொண்டவை. அது ஒலித்தபோது கேட்டவர்களின் ரத்த ஓட்ட அலைகள் அந்த வரிகளோடு இசைந்து ஏறி இறங்கின. இசை கற்றவர், கல்லாதவர் என்ற வித்தியாசம் இல்லை. இன்னொன்று அதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். ஒலி படிப்படியாக உயர்ந்து உச்சத்துக்குப் போகும் பகுதிகளில் ரத்த அழுத்தமும் துடிப்பும் கூடவே ஏறின, தோலின் குழாய்கள் சுருங்கின. ஒரே சீரான அழுத்தத்தில் செல்லும் பாஹின் கண்டாட்டாவிலோ தோலின் குழாய்கள் விரிந்தன, ரத்த அழுத்தம் தாழ்ந்தது. சில்லிட்ட விரலுக்குச் சூடு திரும்புவது என்று இதை வாசிக்கலாம்.

இந்தச் சீர்மை சேர்ந்திசைக்கு எங்கிருந்து வருகிறது? இரண்டு இடங்களிலிருந்து. முதலாவது பாடும் முறை. நீண்ட சுரம் ஒன்றை நாற்பது பேர் பிடித்திருக்கும்போது எல்லோரும் ஒரே கணத்தில் மூச்செடுத்தால் சுரம் அறுந்துவிடும். அதனால் பக்கத்தில் நிற்பவர் மூச்செடுக்காத நேரம் பார்த்து ஒவ்வொருவரும் சொல்லின் நடுவே சத்தமில்லாமல் விலகி, மூச்செடுத்து, மெல்லிய குரலில் மீண்டும் சேர்ந்துகொள்ளும்படி பயிற்றுவிக்கிறார்கள். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது ஒருவர் கையைத் துடைத்துக்கொள்ள நின்றாலும் வடம் தொய்வதில்லையே, அப்படி. எந்தத் தனி மனிதராலும் முடியாத நீள மூச்சு ஒன்று கேட்பவரின் காதில் விழுகிறது. ஆனாலும் அது மூச்சாகவே கேட்கிறது, இயந்திரமாகக் கேட்பதில்லை. இரண்டாவது, பாடும் இடம். கல் சுவர்களும் உயர்ந்த கூரையும் கொண்ட ஆலயங்களில் எழுந்த ஒலி உடனே அடங்காது. இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவில் அது பத்து விநாடிக்கு மேல் நிற்கிறது. அங்கே பாட அனுமதி இல்லாதிருந்ததால் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பலூன்களை உடைத்து அந்த முழக்கத்தைப் பதிவுசெய்து கணித்தார்கள். அப்படிப்பட்ட கூடத்தில் வேகமான சந்தம் கூழாகிவிடும். மெதுவாக நகரும், சுரம் தாவாத, ஒன்றோடொன்று இழையும் குரல்களே அங்கே பிழைத்தன. கட்டடமே இசையை நிதானமாக்கியது என்று சொல்வது மிகையல்ல.

வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்துக்காகக் கிரிகோரியோ அல்லெக்ரி 17ஆம் நூற்றாண்டில் அமைத்த ‘மிசரேரே’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐந்து குரல்களாகப் பிரிந்த ஒரு குழு, நான்கு குரல்களாகப் பிரிந்த இன்னொரு குழு. கருவி எதுவும் இல்லை. ஒரு குழு ஒரு வசனத்தைப் பாடி முடித்ததும் அடுத்த வசனம் அலங்காரமற்ற ஒற்றைக் குரலோட்டமாக வருகிறது. பிறகு மற்றக் குழு. கடைசியில்தான் ஒன்பது குரல்களும் சேர்கின்றன. கேட்பவர் அடுத்து என்ன வரும் என்று மூன்றாவது சுற்றுக்குள் அறிந்துவிடுகிறார். பயந்த மூளைக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் ஆஸ்பத்திரியில் அடுத்து என்ன வரும் என்பது அவருக்குத் தெரியாது. வசனங்களுக்கு இடையே விழும் மௌனமும் வீணல்ல. பெர்னார்தி 2006இல் ‘ஹார்ட்’ இதழில் வெளியிட்ட இன்னொரு சோதனையில், இசைக்கு நடுவே செருகிய இரண்டு நிமிட இடைவெளியில்தான் கேட்டவர்களின் துடிப்பும் ரத்த அழுத்தமும் தொடக்க நிலைக்கும் கீழே இறங்கின.

மூச்சோடு இன்னொன்றும் சேர்கிறது. அதுவும் கருவியிசையில் கிடைக்காதது. மனிதக் குரல் கேட்டதும் விழித்துக்கொள்ளும் தனிப் பகுதிகள் நம் மூளையின் பக்கவாட்டு மடலில் இருப்பதை பெலினும் சகாக்களும் 2000இல் காட்டினார்கள். அதைவிடத் துல்லியமான சான்று 2022இல் வந்தது. வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சையைத் திட்டமிடுவதற்காக மூளையின்மேல் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த 15 பேரிடம் நார்மன்-ஹெய்ன்யெரேயின் குழு 165 ஒலிகளைப் போட்டுக் காட்டியது. பேச்சுக்கும் அசையாத, கருவியிசைக்கும் அசையாத, பாட்டுக்கு மட்டும் துலங்கும் நரம்பணுக் கூட்டம் ஒன்று அவர்கள் மூளையில் தென்பட்டது. தாங்களே அறுவைக்குக் காத்திருந்தவர்கள் கொடுத்த அறிவு இது என்பதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. பாட்டு என்பது பக்கத்தில் ஆள் இருக்கிறது என்ற சேதி. ஆள் இருப்பது என்ன செய்யும் என்பதை கோன், ஷேஃபர், டேவிட்சன் மூவரும் 2006இல் 16 திருமணமான பெண்களிடம் சோதித்தார்கள். மின்னதிர்ச்சி வரப்போகிறது என்று அறிந்த நிலையில் கணவரின் கையைப் பிடித்திருந்தவர்களின் மூளையில் அச்சத்தின் சுவடு மங்கியிருந்தது. அறுவை அறையின் கதவைத் தாண்டி நண்பரின் கை போக முடியாது. குரல் போகலாம்.

இங்கே எழும் முதல் ஆட்சேபம் வலுவானது. ஜென்னி ஹோல் தலைமையில் 2015இல் ‘லான்செட்’ இதழில் வந்த தொகுப்பாய்வு 73 சோதனைகளை, ஏறத்தாழ 7000 நோயாளிகளைப் பார்த்தது. இசை கேட்டவர்களுக்கு அறுவைக்குப் பிறகு வலி குறைந்தது, பதற்றம் குறைந்தது, வலி மருந்தின் தேவையும் குறைந்தது. ஆனால் எந்த இசை என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அதே ஆய்வு சொன்னது. அப்படியானால் சினிமாப் பாட்டு போதுமே, அல்லெக்ரி எதற்கு? போதும் என்றே நானும் சொல்வேன், அந்தப் பாட்டும் நிதானமாக நடப்பதாக இருந்தால். மருத்துவமனைகளில் சோதித்தவை பெரும்பாலும் மென்மையான இசையின் வகைகள்தாம். மென்மைக்குள்ளே இதுவா அதுவா என்பதில் வித்தியாசம் தெரியவில்லை என்பதை, எதுவானாலும் சரி என்று நீட்டிவிடக் கூடாது. வேகமும் உச்சமும் உடலை எந்தப் பக்கம் இழுக்கின்றன என்பதை பெர்னார்தியின் கருவிகள் எழுதிக் காட்டிவிட்டன. அதே தர்க்கத்தை நான் சேர்ந்திசைக்கும் விடாமல் பொருத்துகிறேன். வெர்தியின் ‘ரெக்வியம்’ வழிபாட்டு இசைதான், மகத்தான படைப்புதான். ஆனால் அதில் இறுதித் தீர்ப்பு நாளைப் பெரிய முரசு அறைந்து அறிவிக்கும் பகுதியை நாளை வயிற்றைத் திறக்கப்போகிறவருக்கு அனுப்புவது கொடுமை. இந்த வகை இசையெல்லாம் நல்லது என்பது என் வாதம் அல்ல. இந்த வகையில் நிதானமான மூச்சு அடர்த்தியாகக் கிடைக்கிறது, தேடுபவருக்கு வசதியான சுரங்கம் இது, அவ்வளவே.

இரண்டாவது ஆட்சேபம், இதெல்லாம் எதிர்பார்ப்பின் விளைவு என்பது. காதில் இசை கேட்கிறதா இல்லையா என்பதை நோயாளியிடம் மறைக்க வழியில்லை. இசை நல்லது என்று நம்புகிறவர் தாளில் குறைவான மதிப்பெண்ணைப் போட்டுவிடலாம். மறைக்க வழியுள்ள ஒரே நிலை முழு மயக்கம். ஜெர்மனியின் ஐந்து மருத்துவமனைகளில் 385 நோயாளிகளிடம் அதைச் செய்தார்கள். முடிவுகள் 2020இல் வந்தன. மயக்கத்தில் இருந்தவர்களின் காதில் இயர்போன் வைத்து, ஒரு பாதிக்குப் பின்னணி இசையோடு தைரியம் சொல்லும் பேச்சை இருபது நிமிடம் ஒலிக்கவிட்டு, பத்து நிமிடம் மௌனம் விட்டு, மறுபடி ஒலிக்கவிட்டார்கள். மறுபாதிக்கு வெற்று நாடா. யாருக்கு எது என்பது அறுவை செய்தவர்களுக்கும் தெரியாது. முதல் 24 மணி நேரத்தில் வலி தணிக்க ஓபியாய்டு மருந்து தேவைப்பட்டவர்கள் வெற்று நாடா அணியில் 80 சதவீதம், மற்ற அணியில் 63 சதவீதம். பேச்சும் இசையும் கலந்திருந்ததால் பெருமை முழுவதையும் இசைக்குக் கொடுக்க முடியாது. ஆனால் எதிர்பார்ப்பு இல்லாத இடத்திலும் காது வழியே போன ஆறுதல் உடலில் பதிந்திருக்கிறது. மேலும், எதிர்பார்ப்பும் ஒரு பங்கு வகிக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் பயந்திருப்பவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

நம்பிக்கை இல்லாதவருக்கு இது என்ன செய்யும் என்பது மூன்றாவது கேள்வி. மற்ற இரண்டையும்விட நுட்பமானது. ஆக்ஸ்ஃபர்டில் காட்யா வீச் 2008இல் வெளியிட்ட சோதனையில் கத்தோலிக்கர்கள் பன்னிருவருக்கும் மத நம்பிக்கை இல்லாத பன்னிருவருக்கும் கையில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு சுற்றில் கண்முன்னே சாஸோஃபெராட்டோ வரைந்த மரியாள், இன்னொரு சுற்றில் லியோனார்டோ வரைந்த ஒரு சீமாட்டி. மரியாளைப் பார்த்தபோது கத்தோலிக்கர்களுக்கு வலி குறைவாகப் பட்டது, மற்றவர்களுக்கு இல்லை. வலியை வேறு கண்ணோட்டத்தில் வைத்துப் பார்க்க உதவும் முன்மூளைப் பகுதி ஒன்று கத்தோலிக்கர்களிடம் மட்டும் கூடுதலாக இயங்கியது. ஆகவே நம்பிக்கை உண்மையான கூடுதல் பலன். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அது மாடி, தரைத்தளம் அல்ல. மேயர் அலைக்கு மதம் கிடையாது. மூச்சும் குரலும் கொடுக்கும் பங்கு நாத்திகருக்கும் அப்படியே போய்ச் சேரும். சொல் புரியாத லத்தீன் அவருக்கு ஒரு வகையில் வசதிகூட. அர்த்தத்தோடு மல்லுக்கட்டாமல் ஒலியில் சாய்ந்துகொள்ளலாம்.

நம்பிக்கை எதிர்ப்பக்கமும் வெட்டக்கூடியது என்பதையும் இசையைத் தேர்ந்து கொடுக்கும் நண்பர் அறிந்திருக்க வேண்டும். கென்னத் பர்கமென்ட் 596 முதிய நோயாளிகளை இரண்டாண்டு பின்தொடர்ந்து 2001இல் எழுதியது இது: கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று தவித்தவர்கள் கூடுதலாக இறந்தார்கள். குற்றவுணர்வில் இருக்கும் விசுவாசிக்கு, பாவமன்னிப்பு கேட்கும் 51ஆம் சங்கீதமான ‘மிசரேரே’ எவ்வளவு அழகாக இருந்தாலும் சரியான தேர்வு ஆகாமல் போகலாம். துயரத்தில் இருப்பவர்களைத் தேற்றும் வேத வாக்கியங்களைத் தேடித் தொகுத்து, உயிரோடிருப்பவர்களுக்காகப் பிராம்ஸ் அமைத்த ‘ஜெர்மன் ரெக்வியம்’ அவருக்கு இதமாக இருக்கும். ஹெர்பர்ட் பென்சன் 2006இல் வெளியிட்ட பெரிய சோதனையையும் இங்கே மறந்துவிடக் கூடாது. இதய பைபாஸ் அறுவைக்குப் போன 1802 பேரில், தங்களுக்காக நிச்சயமாக ஜெபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதத்தினருக்குச் சிக்கல்கள் நேர்ந்தன; ஜெபிக்கலாம், ஜெபிக்காமலும் போகலாம் என்று சொல்லப்பட்டு ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம். ஜெபம் கெடுதல் என்று இதற்குப் பொருள் இல்லை. எனக்காக அந்நியர்கள் ஜெபிக்கும் அளவுக்கு நிலைமை மோசமா என்ற திகில் சேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே கருதினார்கள். திருவதிகையில் பதிகம் பாடி அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அற்புதத்தை எதிர்பார்க்கும் இடம் அது. நாம் கொடுக்கும் இசை அற்புதத்தை வாக்களிப்பதில்லை. குணமாகிவிடும் என்று சொல்லி அதைக் கொடுத்தால் பாவம் அந்த நோயாளி, குணமாக வேண்டிய கடமையையும் சேர்த்துச் சுமக்கிறார்.

இத்தனையும் நண்பரை ஒரு முடிவுக்குக் கொண்டுவருகின்றன: தேர்வு நோயாளியுடையதாக இருக்க வேண்டும். கையைப் பனிநீரில் முக்கி எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று மிட்செல்லும் மெக்டொனால்டும் 2006இல் பார்த்தபோது, தாங்களே கொண்டுவந்த இசையைக் கேட்டவர்கள், ஆய்வாளர்கள் இதமானது என்று கொடுத்ததைக் கேட்டவர்களைவிட அதிக நேரம் தாங்கினார்கள். ஐரோப்பியப் பாடகர் குழுவைக் கேட்டே பழகாதவருக்கு டாலிஸ் நாற்பது குரல்களுக்கு அமைத்த பாடல் வெறும் இரைச்சலாகலாம். திருநெல்வேலிச் சீமையின் சிஎஸ்ஐ ஆலயத்தில் நான்கு குரலில் பாமாலை பாடி வளர்ந்தவருக்கு அந்தப் பாமாலையே பலிக்கும். ஓதுவார் குரலிலோ பஜனை மடத்திலோ வளர்ந்தவருக்கு அது. மூன்று நாலு மாதிரிகளை முன்கூட்டியே அனுப்பி, எது பிடித்தது என்று கேட்டு, பிடித்ததை வீட்டிலேயே சில இரவுகள் தூங்கப் போகும் நேரத்தில் கேட்கச் சொல்லலாம். பழகிய ஒலி அடுத்து என்ன என்று தெரிந்த ஒலி. அரை மணி நேரத்துக்குத் தொகுத்தால் போதும். சத்தம் தாழ்வாக, உச்சங்கள் இல்லாமல், நடுவே ஓரிரு நிமிட வெறுமை விட்டு.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கிராஃப் குழுவினர் 2019இல் வெளியிட்ட சோதனையில், நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசிக்கு முன் 157 பேரில் ஒரு பாதிக்கு மிடசோலமும் மறுபாதிக்கு இசையும் கொடுத்தார்கள். பதற்றம் இரண்டிலும் ஒரே அளவு குறைந்தது. ஆனால் இசை அணியினருக்குத் திருப்தி சற்றுக் குறைவு. இசையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. வெளிச்சத்தத்தை அடைக்கும் ஹெட்போன் போட்டிருந்ததால் டாக்டரோடு பேசுவதும் சிரமமாயிற்று. ஆகவே சாதாரண இயர்போன் போதும், அதுவும் ஒரு காதில் மட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலின்படி, மயக்கம் கொடுப்பதற்கு முன் நோயாளியின் பெயரையும் எந்த இடத்தில் என்ன அறுவை என்பதையும் அவரிடமே கேட்டு உறுதிசெய்வார்கள். அப்போது இரண்டு காதும் திறந்திருக்க வேண்டும். கழற்றும் இயர்போனை யார் வாங்கி வைத்துக்கொள்வது என்று மயக்க மருத்துவரிடமும் நர்ஸிடமும் முதல் நாளே பேசிவிடலாம், ஏனென்றால் அது மறுபடி தேவைப்படும். ஸ்வீடனில் உல்ரிகா நில்சன் திறந்த இதய அறுவை முடிந்த 40 பேரைப் படுக்கையில் ஓய்வெடுக்க வைத்து, ஒரு பாதியினருக்கு மெல்லிய இசையைக் கேட்கக் கொடுத்தார். கேட்டவர்களின் ரத்தத்தில் ஆக்சிடோசின் ஏறியது, கேட்காதவர்களுக்கு ஏறவில்லை. அவர் இசை கொடுத்தது அறுவைக்கு மறுநாள்.